கூலி கேளாத உழைப்பு

மனிதனுடைய உழைப்பை இருவகையாகப் பிரித்துக் காண்பது உலக வழக்கு. வயிற்றுக்காக உழைப்பது ஒன்று. பிறர் நலத்துக்காக உழைப்பது மற்றொன்று. முன்னதைத் தொழில் என்கிறோம். பின்னதைத் தொண்டு என்கிறோம். தொழிலுக்குக் கூலி உண்டு. தொண்டுக்கு நன்றியும் புகழும் உண்டு. ஆனால் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது உழைப்பு ஒன்றும் உலகில் இருந்து வருகிறது. அது செய்பவனின் வயிற்றை நிரப்புவதில்லை. ஊருக்குக் கிணறு வெட்டித் தருவதுமில்லை. கைப்பொருளைச் செலவிட்டு, உடம்பை வருத்தி, ஓய்வு நாளை இழந்து அவன் அதனைச் செய்கிறான். ஏன் செய்கிறாய் என்று கேட்டால், 'மனத்துக்குப் பிடித்திருக்கிறது' என்பதைத் தவிர வேறு விடை அவனிடம் இல்லை.

இந்த மூன்றாவது உழைப்புக்கு அறத்தின் தராசில் எடை உண்டா, இல்லையா? இதுவே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட வினா. வினாவை வெறுங்காற்றில் நிறுத்திப் பேசுவதைவிட, கண்ணால் காணத்தக்க ஒரு சான்றை வைத்துப் பேசுவது நலம். அச்சான்றாக நாம் தேர்ந்துகொண்டது வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்: பிரிட்டனில் அமெரிக்கக் கால்பந்து ஆடிவரும் அமெச்சூர் கழகங்களின் வரலாறே அது.

ஏன் இதைத் தேர்ந்தோம்? பிரிட்டிஷ் இளைஞன் ஒருவன் சாதாரணக் கால்பந்து ஆடினால், அவனைச் சுற்றி நாடே நிற்கிறது. தந்தை ஆடியிருப்பார், பள்ளி கற்பித்திருக்கும், பத்திரிகை எழுதும். அவனுடைய ஆர்வத்தில் அவனுடையது எவ்வளவு, ஊராருடையது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். ஆனால் அதே இளைஞன் தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, கடல் கடந்த ஒரு நாட்டின் ஆட்டத்தை ஆடப் புகும்போது, அவனுக்குப் பின்னால் யாருமில்லை. புகழ் இல்லை, பொருள் இல்லை, அண்டை வீட்டாருக்கு அந்த ஆட்டத்தின் விதிகூடத் தெரியாது. எஞ்சி நிற்பது அன்பு ஒன்றுதான். கலப்பில்லாத பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல, கலப்பில்லாத அன்பை இங்கே உரைத்துப் பார்க்கலாம்.

ஆட்டத்தின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பிரிட்டனில் பிறந்த ரக்பியே இதன் தாய். 1874 மே மாதத்தில் ஹார்வர்டு மாணவர்களும் மான்ட்ரியலின் மக்கில் மாணவர்களும் மோதிய ஆட்டங்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் ரக்பி முறையை வேரூன்றச் செய்தன. பின்னர் வால்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால் 1880 முதல் விதிகள் ஒவ்வொன்றாக மாறின; பதினொருவர் அணி வந்தது; பந்தை வைத்திருக்கும் அணி குறிப்பிட்ட தூரத்தைக் கடந்தாலன்றிப் பந்தை இழக்கும் என்னும் விதி வந்தது. ஆட்டத்தின் முரட்டுத்தனத்தால் களத்திலேயே இளைஞர் பலர் மாண்டதைக் கண்டு, 1905 இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. 1906 இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இவ்வாறு தாய்வீட்டுச் சாயல் மாறிப்போன பெண்ணைப்போல ரக்பி வேறோர் ஆட்டமாயிற்று.

அந்தப் பெண் தாய்வீட்டுக்கு மீண்டு வந்தது மெல்ல மெல்லத்தான். 1910 நவம்பரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் மாலுமிகள் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் ஆடிக் காட்டினர். போர்க்காலத்தில், 1944 பிப்ரவரியில், ஒயிட் சிட்டி அரங்கில் கனடியப் படையினரும் அமெரிக்கப் படையினரும் ஆடினர். கனடியர் 16க்கு 6 என்று வென்றனர். போருக்குப் பின்னும் லேக்கன்ஹீத், மில்டன்ஹால் போன்ற அமெரிக்க விமானத் தளங்களில் இந்த ஆட்டம் நடந்துவந்தது. ஆயினும் அது வேலிக்குள் நடந்த ஆட்டம். வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது அந்நியரின் வழக்கமாகவே தோன்றிற்று.

வேலி உடைந்தது 1982 நவம்பரில். அம்மாதம் தொடங்கப்பெற்ற சேனல் 4 தொலைக்காட்சி, ஞாயிறு மாலைகளில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களின் சுருக்கத்தைக் காட்டலாயிற்று. 1983 ஆகஸ்ட் 6 ஆம் நாள் வெம்பிளி அரங்கில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியும் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் ஆடின. இவையெல்லாம் மக்களைப் பார்வையாளராக்கச் செய்த முயற்சிகள். தொலைக்காட்சிக்கு வேண்டியவை கண்கள். அரங்கத்துக்கு வேண்டியது நுழைவுக் கட்டணம். நீங்களும் ஆடுங்கள் என்று அவர்களை யாரும் அழைக்கவில்லை.

அழைக்காமலேயே அவர்கள் எழுந்தார்கள் என்பதுதான் நம் கவனத்துக்குரிய செய்தி. 1983 இல் லண்டன் ரேவன்ஸ் என்னும் கழகம் தோன்றிற்று. வடமேற்கில் செஷயர் மாவட்டத்து நார்த்விச் நகரில் ஸ்பார்ட்டன்ஸ் தோன்றிற்று. பர்மிங்காமில் புல்ஸ் தோன்றிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கழகங்கள் முளைத்தன. ஸ்காட்லாந்தில் 1985 இல் ஈஸ்ட் கில்பிரைட் பைரேட்ஸ் பிறந்தது. இரும்புத் தட்டி பொருத்திய தலைக்கவசமும் தோள்கவசமும் உள்ளூர்க் கடைகளில் கிடைத்தற்கரிய காலம் அது. பயிற்றுவிக்க ஆள் இல்லை. ஆட்டத்தை முறையாகக் கற்ற நடுவர் இல்லை. பூங்காவின் புல்தரையில், தொலைக்காட்சியில் கண்டதை நினைவிலிருந்து ஆடிப் பார்த்தார்கள். பார்ப்பவன் ஆடுபவனாக மாறும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதை எந்த வணிகக் கணக்கும் விளக்காது.

ஆனால் கணக்கு பின்தொடர்ந்து வரத்தான் செய்தது. 1986 ஆகஸ்ட் 3 ஆம் நாள் சிகாகோ பேர்ஸ், டல்லஸ் கௌபாய்ஸ் ஆகிய அணிகள் வெம்பிளியில் ஆடியபோது எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அதே ஆண்டு பட்வைசர் என்னும் அமெரிக்க மது நிறுவனம் உள்நாட்டு லீகுக்குப் புரவலராகித் தன் பெயரையும் சூட்டியது. அப்போட்டியின் 1986, 1987 ஆண்டு இறுதி ஆட்டங்களில் ரேவன்ஸ் வென்றது. 1988 இல் பர்மிங்காம் புல்ஸ் வென்றது. அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களையும் பயிற்றுநர்களையும் வரவழைப்பது, பெரிய அரங்குகளை வாடகைக்கு எடுப்பது என்று கழகங்களின் நடையுடை மாறின. பூங்காவில் பிறந்த பிள்ளை பட்டுடுத்திக் கொண்டது.

அந்தப் பத்தாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது அலை வடியலாயிற்று. புரவலர் விலகினர்; வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வேறு வேடிக்கை தேடிப் போயிற்று. கழகங்கள் பல கலைந்தன. வெல்லமுடியாததாகத் தோன்றிய ரேவன்ஸே கலைந்தது. தொழில்முறை அணிகளின் கதையும் இதுவே. 1991 ஜூன் 9 ஆம் நாள் வெம்பிளியில் அறுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்க, பார்சிலோனா டிராகன்ஸை 21க்கு 0 என்று வென்று உலகக் கிண்ணம் ஏந்திய லண்டன் மொனார்க்ஸ் அணி, 1998 உடன் மறைந்தது. 1996 இல் அதே கிண்ணத்தை எடின்பரோவில் வென்ற ஸ்காட்டிஷ் கிளேமோர்ஸ் 2004 உடன் மறைந்தது. அவ்வணிகள் ஆடிய ஐரோப்பிய லீகே 2007 இல் மூடப்பட்டது. சம்பளம் பெற்ற இவ்விரு அணிகளும் போன பின்னரும், சந்தா கட்டி ஆடிய ஈஸ்ட் கில்பிரைட் பைரேட்ஸ் களத்தில் நின்றது. இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1377 இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், கூட்டங்களை ஆக்குவதும் அழிப்பதும் எவை என்று ஆராய்ந்தார். ஒரு கூட்டத்தை ஒன்றாகக் கட்டி நிறுத்தும் பிணைப்புணர்வை அவர் 'அஸபிய்யா' என்றழைத்தார். வறுமையிலும் பாலைவனக் கடுமையிலும் அது வலுப்பெறும். நகரத்தின் சுகத்தில் தளரும். ஒருவர்க்கொருவர் தோள்கொடுத்தவர்கள், கூலிப்படையின் தோளில் சாயத் தொடங்கும்போது வீழ்ச்சி தொடங்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. அரசுகளைப் பற்றி அவர் சொன்னதை ஆட்டக் கழகத்துக்குப் பொருத்துவது யானைக்கு வெட்டிய சட்டையைப் பூனைக்குப் போடுவதாகாதா என்று கேட்கலாம். பூனைக்கும் எலும்பும் நரம்பும் உண்டு. எந்தக் கூட்டமும், தன்னைத் தாங்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்த அன்றே தன் முதுகெலும்பையும் ஒப்படைத்துவிடுகிறது.

இதிலிருந்து பணமே தீது என்ற முடிவுக்கு நாம் தாவிவிடக் கூடாது. அவ்வாறு தாவுவது எளிது, ஆனால் நேர்மையன்று. பணம் வந்த காலத்தில் கற்ற பயிற்சியின் பலனும் தோன்றாமற் போகவில்லை. மான்செஸ்டரின் பெயரைத் தாங்கிய ஸ்பார்ட்டன்ஸ் 1990 இல் ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணத்தை வென்றது. ஸ்ட்ரெதம் என்னும் லண்டன் பகுதியில் தொடங்கிய ஒலிம்பியன்ஸ் 1993, 1994 ஆகிய இரண்டாண்டும் அதனை வென்றது. பணம் தன்னளவில் குற்றவாளியன்று. அன்பு தொடங்கிய காரியத்தைப் பணம் தாங்கலாம். அன்பு இருந்த இடத்தில் பணம் வந்து அமரும்போதுதான், பணம் எழுந்து போன பிறகு அந்த இடம் காலியாகி விடுகிறது.

ஊதியமின்மையே உயர்வு என்று எண்ணுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'அமெச்சூர்' என்னும் சொல் லத்தீன் மொழியில் 'அன்பு செய்பவன்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அரபியில் இத்தகையவனை 'ஹாவி' என்பர். 'ஹவா' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஹவா என்றால் காதல், விருப்பம். மனம்போன போக்கு என்னும் பொருளும் அதற்கே உண்டு. மொழியே நம்மை எச்சரிக்கிறது: விருப்பம் மனிதனை உயர்த்தவும் செய்யும், இழுத்துக்கொண்டு போகவும் செய்யும்.

இங்கிலாந்தின் வரலாறோ இன்னும் கடுமையாக எச்சரிக்கிறது. ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் 1879 இல் அமெச்சூர் யார் என்று வரையறுத்தபோது, கைத்தொழிலாளியையும் கூலியாளையும் அதிலிருந்து நீக்கி வைத்தார்கள். படகோட்டக் கூலி வாங்காதவனாக இருந்தாலும் போதாது. உடலால் உழைத்துப் பிழைப்பவனாகவே இருக்கக் கூடாது! 1920 இல் அமெரிக்காவின் ஜான் கெல்லி என்னும் படகோட்டியின் விண்ணப்பம் அங்கே மறுக்கப்பட்டது. அவர் செங்கல் கொத்தனாராக இருந்தவர். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். ரக்பியிலும் இதே கதைதான். சனிக்கிழமை ஆடப் போவதால் சுரங்கத்திலும் ஆலையிலும் இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று வடநாட்டுக் கழகங்கள் கேட்டன. தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் அவை பிரிந்துபோய்த் தனிச் சங்கம் கண்டன. இன்று ரக்பி லீக் என வழங்குவது அதன் வழி வந்ததே. மற்றப் பிரிவு சரியாக நூறாண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்டில், தானும் ஊதியத்துக்குக் கதவைத் திறந்தது.

ஆகவே, கூலி வாங்காதிருப்பது தன்னளவில் அறமாகிவிடாது. வாங்கத் தேவையில்லாதவன் வாங்காதிருப்பதில் என்ன பெருமை? அவன் அதைக் காட்டித் தேவையுள்ளவனை வாசலில் நிறுத்துவானாகில், அது அன்பின் பெயரால் செய்யப்படும் அநீதியன்றோ? நாம் எடுத்துக்கொண்ட கழகங்களை இங்கே எண்ணிப் பார்ப்போம். அவற்றில் ஆடுகிறவர்கள் தச்சர், ஆசிரியர், ஓட்டுநர், கிடங்குத் தொழிலாளி என்று உழைத்துப் பிழைப்பவர்களே. ஹென்லியின் பழைய வரையறைப்படி அவர்களில் பலர் அமெச்சூர் ஆகவே முடியாது! அச்சொல்லைக் கனவான்களின் வேலியிலிருந்து பிடுங்கி, அதன் மூலப் பொருளுக்கே மீட்டுத் தந்தவர்கள் இத்தகைய கழகத்தார்தாம்.

இனி இந்த வழக்கில் மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். இந்த ஆட்டம் மென்மையானதன்று. மோதலே அதன் இலக்கணம். பிட்ஸ்பர்க்கின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002 இல் இறந்தபின், நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, 2005 இல் தம் முடிவை வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகள் மூளையை நாளடைவில் சிதைக்கக்கூடும் என்னும் உண்மை அதன் பிறகு உலகறிந்ததாயிற்று. தொழில்முறை ஆட்டக்காரனுக்காவது சம்பளமும் மருத்துவமும் உண்டு. ஞாயிறன்று முழங்கால் முறிந்த தச்சனுக்குத் திங்களன்று கூலி யார் தருவார்? 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்டில் எழுந்த அதே கேள்வி இன்றும் தீரவில்லை. அவன் தன் சொந்த விருப்பத்துக்காகத் தன் எலும்பைப் பணயம் வைக்கலாம். மனைவி மக்களின் சோற்றையும் சேர்த்துப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை உண்டா?

இதற்கு மழுப்பலான விடை கூற நாம் விரும்பவில்லை. பிறருக்குச் சேரவேண்டிய கடனைச் செலுத்திய பிறகு எஞ்சுவதே நம் அன்புக்குரிய செல்வம். கடன்பட்டவன் கொடை கொடுத்தால் அது கொடையாகாது. கடன் கொடுத்தவனின் பொருளையே அவன் வாரி வழங்குகிறான். அவ்வாறே வீட்டாரின் பங்கை எடுத்து ஆட்டத்தில் செலவிடுகிறவன், தன் அன்பைப் பிறர் கணக்கில் எழுதுகிறான். இந்த எல்லையை நல்ல கழகங்கள் தாமே உணர்ந்திருக்கின்றன. மருத்துவ உதவியாளர் களத்தருகே வந்து சேராவிட்டால் ஆட்டம் தொடங்காது என்பது அங்கே விதி. இருபுறமும் ஆயத்தமாக நின்று, கோடெல்லாம் போட்டு முடித்து, அவர் வரவில்லை என்பதற்காக ஆடாமலே திரும்புவது எளிதன்று. விருப்பத்தின் கடிவாளத்தை விருப்பமுடையவனே பிடித்திருப்பதுதான் ஒழுக்கம். மோதல் இல்லாமல், இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்து ஆடும் கொடி ஆட்டமும் இப்போது வளர்ந்து வருகிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதற்கு இடமளிக்க 2023 இல் முடிவு செய்யப்பட்டது. அன்பு தன் வடிவை மாற்றிக்கொள்ளவும் அறியும் என்பதற்கு இது சான்று.

இவ்வளவுக்குப் பின்னும், 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்பவர் உண்டு. அவருக்கு எஃபே ஒபாடாவின் கதையைச் சொல்லலாம். நைஜீரியாவில் பிறந்த அவர் பத்து வயதில் தமக்கையுடன் லண்டனுக்குக் கடத்திக் கொண்டுவரப்பட்டு, தெருவில் கைவிடப்பட்டார். பின்னர் வளர்ப்பு இல்லங்கள் பல மாறி வளர்ந்தார். கிடங்கு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த அவரை நண்பர் ஒருவர் 2014 இல் லண்டன் வாரியர்ஸ் என்னும் அமெச்சூர் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு அவர் ஆடியவை ஐந்தே ஆட்டங்கள். 2015 இல் டல்லஸ் கௌபாய்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது, பிறகு விலக்கப்பட்டார், வேறு அணிகளும் விலக்கின. மனந்தளராமல் முயன்று, 2018 இல் கரோலைனா பேந்தர்ஸ் அணியில் இடம்பிடித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 23 ஆம் நாள் சின்சினாட்டி அணியை எதிர்த்து ஆடிய ஆட்டத்தில் எதிரியின் பந்தையும் பறித்தார், பந்தெறிபவரையும் வீழ்த்தினார்.

இந்தக் கதை கேட்போர் நெஞ்சை உருக்கும். ஆயினும் இதை நம் வழக்கின் முடிவான சான்றாக வைக்க நாம் தயங்குகிறோம். ஏனெனில் ஒபாடா வென்றதனால்தான் அந்தக் கழகத்துக்கு மதிப்பு என்று சொன்னால், அன்பின் உழைப்பைக் கடைசியில் கூலியாலேயே அளந்தவர்களாகிவிடுவோம். அவரோடு அதே புல்தரையில் மழையில் நனைந்து, அதே பயிற்சியைச் செய்து, மறுநாள் காலை வேலைக்குத் திரும்பிய மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய பெயரை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. கிடங்குத் தொழிலாளியாக ஒபாடா முதன்முதலில் வந்து நின்றபோது, இவன் நாளை யாராவான் என்று கேளாமல், ஒரு தலைக்கவசத்தை எடுத்து நீட்டியவர்கள் அவர்கள்தாம். அந்த நீட்டிய கையில்தான் கழகத்தின் மதிப்பு இருக்கிறது. அவர் ஐந்தாவது ஆட்டத்தோடு தோற்றுத் திரும்பியிருந்தாலும் அந்தக் கையின் மதிப்பு குன்றியிராது.

இந்த ஆட்டத்தில் பத்து கஜத்தை அளக்க, இரு கோல்களுக்கிடையே கட்டிய சங்கிலி ஒன்று உண்டு. எல்லைக் கோட்டோரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு சிலர் நிற்பர். அவர்கள் ஆடுவதில்லை. பந்து நகர நகர அவர்களும் நகர வேண்டும். சிறு கழகங்களில் அவர்களாக நிற்பவர் பெரும்பாலும் காயமுற்ற ஆட்டக்காரரோ, ஒரு ஆட்டக்காரரின் தந்தையோ, முன்னாளில் ஆடி ஓய்ந்தவரோதாம். அவர்களைப் பார்த்துக் கைதட்டுபவர் இல்லை. ஆனால் சங்கிலி இல்லையேல் எது வெற்றி, எது தோல்வி என்று சொல்ல அளவில்லை.

கூலியை மட்டும் கண்டு பழகிய உலகத்துக்கு அவர்கள் பொழுதை வீணாக்கும் பேதையர். நமக்கோ அவர்கள் ஓர் அளவுகோலைத் தாங்கி நிற்பவர்களாகத் தோன்றுகிறார்கள். விலை பேசப்படாத ஏதோ ஒன்று இன்னும் நம்மிடம் இருக்கிறதா என்று அறிய, ஒவ்வொரு மனிதனுக்கும் அத்தகைய ஓர் அளவுகோல் வேண்டும். கடனைத் தீர்த்துவிட்டு, பிறர் பங்கைத் தொடாமல், கூலி கேளாமல் நாம் எதைச் செய்கிறோமோ, அதுவே நாம் யார் என்பதற்குச் சான்று. அப்படிச் செய்ய நம்மிடம் ஒன்றுமே இல்லையென்றால், நம் உழைப்பை மட்டுமன்று, நம்மையும் விற்று முடித்துவிட்டோம் என்பதே பொருள்.